வடசென்னையில் யுகுலேலே: உப்புக்காற்றில் காப்பாற்றுவதும், பாடுகிறவருக்குப் பின்னால் வாசிப்பதும்

கேள்வி: பெங்களூரிலிருந்து மூன்று மாத வேலையாகத் தண்டையார்பேட்டை வருகிறேன். கான்சர்ட் அளவு மர யுகுலேலே ஒன்று இருக்கிறது, ஏழெட்டு கார்டு தெரியும். கடற்கரைப் பக்கம் கொண்டுபோனால் கெட்டுவிடுமா? அங்கே கானா பாடுகிறவர்களோடு சேர்ந்து வாசிக்க முடியுமா?

பதில்:

தாராளமாக எடுத்து வாருங்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் இசைக்குப் பஞ்சம் கிடையாது. தெருவுக்குத் தெரு பாடுகிறவர் இருக்கிறார், டோலக் தட்டுகிறவர் இருக்கிறார், எதுவும் கிடைக்காவிட்டால் தீப்பெட்டியில் தாளம் போடுகிறவர் இருக்கிறார். அவர்களுக்கு முன்னால் நின்று வாசிக்க, நாலு ஸ்ட்ரிங் உள்ள சின்ன யுகுலேலேவின் சத்தம் பத்தாது. பின்னால் உட்கார்ந்து சுருதி பிடித்துக் கொடுக்க அது நன்றாகவே பத்தும். கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கில்தான்.

ரயிலில் வருவதே நல்லது. கான்சர்ட் யுகுலேலே கிட்டத்தட்ட 60 செ.மீ. நீளம், பையோடு 65-ஐத் தாண்டும். நம் ஊர் விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 55 செ.மீ.தான் கணக்கு. கவுண்டரில் விடுவார்களா மாட்டார்களா என்பது அன்றைய ஆளைப் பொறுத்தது. ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளாதீர்கள், கழுவிவிட்ட தண்ணீர் அங்கேதான் நிற்கும். தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்தபிறகு ஊருக்குள் போக, சென்ட்ரல் – கும்மிடிப்பூண்டி லோக்கலும் மெட்ரோவும் போதும். லோக்கலில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் வரிசையாக வரும். மெட்ரோ 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை ஓடுகிறது. ஆபீஸ் நேரத்தில் லோக்கல் ஏறினால் பையை முதுகிலிருந்து கழற்றி மார்பில் மாட்டுங்கள், கூட்டம் சாய்ந்தால் முதலில் ஒடிவது தலைப்பக்கம். மெட்ரோ ஸ்கேனரால் வாத்தியத்துக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருகிற பெட்டி வந்து இடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஓடுகிற ரயிலில் வாசிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். லோக்கலில் பார்வையற்றவர்கள் பலர் பாடித்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் பெட்டிக்குள் வரும்போது நீங்கள் பொழுதுபோக்குக்கு வாசித்துக்கொண்டிருந்தால் அவர்கள் வருமானத்தில் கை வைத்த மாதிரி. மற்ற பயணிகளுக்குத் தொந்தரவு செய்வது ரயில்வே சட்டப்படியும் குற்றம்தான்.

இனி வாத்தியத்தைப் பற்றி. பெங்களூரில் குளிர்காலக் காற்று காய்ந்து மரம் வெடிக்குமோ என்று பயந்திருப்பீர்கள். இங்கே நேர் எதிர். மர வாத்தியத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் சுகம், சென்னைக் கடலோரத்தில் பெரும்பாலான காலை நேரங்களில் 70-ஐத் தாண்டிவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இன்னும் மோசம். மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். மேல்பலகை வயிறு தள்ளும், அதோடு ஸ்ட்ரிங்கைக் கட்டியிருக்கிற பிரிட்ஜும் மேலே எழும்பும், ஸ்ட்ரிங் கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியிலிருந்து தூரமாகிவிடும். நேற்று வரை சுலபமாகப் பிடித்த பாரே கார்டு (ஒரே விரலால் பல ஸ்ட்ரிங்கை அழுத்துவது) இன்று விரலை வலிக்க வைத்தால் காரணம் உங்கள் விரல் இல்லை. இன்னொரு அடையாளம்: ஓப்பன் ஸ்ட்ரிங் சரியாக ட்யூன் ஆகியிருக்கும், ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் போகப் போக சுருதி ஏறிக்கொண்டே போகும். உயரத்தில் நிற்கிற ஸ்ட்ரிங்கை அழுத்தும்போது அது அதிகமாக இழுபடுகிறது, அதனால்தான்.

இதற்கு வைத்தியம் எளிது. பைக்குள் சிலிக்கா ஜெல் 50 கிராம் பொட்டலம் இரண்டு, ஈரப்பதம் காட்டுகிற சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று. நிறம் மாறுகிற ஆரஞ்சு ரகமாக வாங்குங்கள். நீல ரகத்தில் கோபால்ட் உப்பு இருக்கிறது, கையில் புழங்க நல்லதில்லை. நிறம் மாறியதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் காயவைத்தால் மறுபடி வேலைக்கு வரும். ஜெல்லைப் போட்டுவிட்டுப் பையைத் திறந்தே வைத்தால் அது அறைக் காற்றிலுள்ள ஈரத்தைத்தான் குடித்துக்கொண்டிருக்கும். ஜிப்பை மூடுவது முக்கியம். ஏசி காற்று நேராக அடிக்கிற இடத்தில் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். இரவெல்லாம் ஏசி, பகலெல்லாம் புழுக்கம் என்று மாறி மாறி இழுத்தால் ஒட்டு விடும்.

வெயில் இதைவிட மோசம். மர வேலைப் பசை பல 65 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். மே மாதம் மூடிய காருக்குள் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. ஆட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால், ஸ்பீக்கர் இருக்கிற பலகையில் வைப்பதும் ஏறக்குறைய அதே கதிதான். மடியில் வையுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூர்ப் பக்கம் அடிக்கடி போவதாக இருந்தால் உப்பையும் யோசிக்க வேண்டும். நைலான், ஃப்ளோரோகார்பன் ஸ்ட்ரிங்குகளை உப்பு ஒன்றும் செய்யாது. அது சாப்பிடுவது ட்யூனிங் கியரையும் ஃப்ரெட்டையும். ஜி ஸ்ட்ரிங்கை ஒரு ஸ்தாயி கீழே வைக்கிற லோ-ஜி ட்யூனிங்குக்காகச் செம்புக் கம்பி சுற்றிய ஸ்ட்ரிங் போட்டிருந்தால் அது சீக்கிரம் கருத்துச் சத்தம் செத்துவிடும். வழக்கமான மேல் ஜி-க்கே மாறிவிடுங்கள், கீழே சொல்லப்போகிற சுருதிப் பிடிக்கும் அதுதான் வசதி. கடற்கரையிலிருந்து திரும்பியதும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஃப்ரெட்போர்டையும் கியரையும் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒரு முறை. வெளியே தெரிகிற கியராக இருந்தால் மாதம் ஒரு முறை பழைய டூத்பிரஷால் மணலைத் தட்டி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு வையுங்கள். பின்பக்கமாக நிற்கிற உராய்வுக் குமிழாக இருந்தால் எண்ணெய் வைக்கவே கூடாது. உராய்வினால்தான் அது நிற்கிறது, எண்ணெய் பட்டால் வழுக்கிச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குக் குமிழ் முனையிலுள்ள திருகைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.

ட்யூனர் கிளிப் வகையாக இருக்கட்டும். காசிமேட்டில் போட் மோட்டார், ஐஸ் உடைக்கிற மெஷின், காற்று எல்லாம் சேர்ந்து போன் ஆப்பைக் குழப்பிவிடும். கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை நேராக வாங்கிக்கொள்கிறது. ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் பத்து நிமிடம் பொறுத்து ட்யூன் பண்ணுங்கள், அவசரப்பட்டால் இரண்டு முறை வேலை.

ஸ்ட்ரிங் அறுந்தால் அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் மாதிரிப் பழைய வாத்தியக் கடைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறுந்து, அன்றைக்கே வாசிக்க வேண்டுமென்றால் மீன்பிடி சாமான் விற்கிற கடைக்குப் போங்கள். தூண்டிலுக்கு வாங்குகிற தங்கூஸ் நரம்பும் யுகுலேலே ஸ்ட்ரிங்கும் ஒரே சாதி. வெறும் நைலானாக இருந்தால் சுமாராக ஏ-க்கு 0.6 மி.மீ., ஜி-க்கு 0.7, ஈ-க்கு 0.8, சி-க்கு 1.0 மி.மீ. கனம். ஃப்ளோரோகார்பன் கிடைத்தால் எடை அதிகம் என்பதால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மெல்லியதாகவே போதும். பிரிட்ஜில் கட்டும்போது சி, ஈ ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு சுற்று, மெல்லிய ஏ, ஜி இரண்டுக்கும் இரண்டு சுற்று. வாலின் நுனி பிரிட்ஜின் பின்விளிம்புக்கு வெளியே அமுங்கும்படி மாட்ட வேண்டும். மேல்பக்கமே நின்றால் நழுவி, விர்ரென்று பலகையில் அடித்துக் கோடு போட்டுவிடும். புது ஸ்ட்ரிங் எதுவானாலும் நான்கைந்து நாள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். தங்கூஸ் இன்னும் கூட இழுபடும். முக்கியமான நாளுக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள்.

இப்போது கானாவுக்கு வருவோம். இங்கேதான் பெரும்பாலான கிட்டார், யுகுலேலே ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். யூட்யூபில் படித்த சி – ஜி – ஏ மைனர் – எஃப் சுற்றைத் தூக்கிக்கொண்டு வந்து கானாவின் மேல் போர்த்துகிறார்கள். பாட்டு மூச்சுத் திணறுகிறது. கானா மெட்டு பெரும்பாலும் ஒரே சுருதியைச் சுற்றி நிற்கும், கார்டு மாறிக்கொண்டே போகிற அமைப்பு அதில் இல்லை. பாடுகிறவர் ஒரே வரியில் காந்தாரத்தை, அதாவது க ஸ்வரத்தை, கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் கீழேயும் அசைப்பார். நீங்கள் மேஜர் கார்டு பிடித்தால் கீழே அசைகிற இடத்தில் இடிக்கும், மைனர் பிடித்தால் மேலே அசைகிற இடத்தில் இடிக்கும். ஆகவே காந்தாரத்தையே விட்டுவிடுங்கள். ஸ, ப இரண்டு மட்டும்.

அதற்கான பிடி: ஜி, சி, ஈ, ஏ வரிசையில் 0-0-3-3. அதாவது ஈ, ஏ இரண்டையும் மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரே விரலால் அழுத்துங்கள், மற்ற இரண்டும் ஓப்பன். ஒலிப்பது ப, ஸ, ப, மேல் ஸ. இது ஒரு கட்டை சுருதி, அதாவது சி-யை ஸட்ஜமாக (ஸ) வைத்தது. இதே வடிவத்தை அப்படியே நகர்த்தலாம். ஆட்காட்டி விரல் பாரே, மோதிர விரல் அதிலிருந்து மூன்று ஃப்ரெட் தள்ளி. இரண்டு கட்டைக்கு 2-2-5-5, மூன்று கட்டைக்கு 4-4-7-7, நாலு கட்டைக்கு 5-5-8-8. ஐந்து கட்டைக்கு மேலே ஏறாமல் 0-2-3-5 என்று பிடித்தால் கழுத்தின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும். இரண்டரைக் கட்டை என்றால் 3-3-6-6. அரைக் கட்டை என்று சொல்வதெல்லாம் ஒரு ஃப்ரெட்.

பாடுகிறவர் எத்தனை கட்டை என்று சொல்லமாட்டார். தொண்டை போகிற இடத்தில் எடுப்பார். மைக் இல்லாமல் தெருவில் பாடிப் பழகிய குரல், உச்சத்தில்தான் எடுக்கும். அவரை நிறுத்தி "எந்த சுருதி அண்ணா" என்று கேட்கிற வேலையே வேண்டாம். பல்லவி முடிந்து குரல் எங்கே வந்து உட்காருகிறதோ அந்த ஸ்வரத்தைக் காதில் பிடித்து, வாய்க்குள் முனகிக்கொண்டு, சி ஸ்ட்ரிங்கில் கட்டைவிரலால் மெதுவாக ஒவ்வொரு ஃப்ரெட்டாகத் தேடுங்கள். எந்த ஃப்ரெட்டில் சேர்கிறதோ அதுதான் பாரேயின் இடம். ஆண் குரல் ஒரு ஸ்தாயி கீழே இருந்தாலும் ஃப்ரெட் மாறாது. வழக்கமாக நடக்கிற தப்பு, வரி தொடங்குகிற ஸ்வரத்தை ஸட்ஜம் என்று எடுத்துக்கொள்வது. பல பாட்டு பஞ்சமத்தில், அதாவது ப-வில், தொடங்கும். நீங்கள் பிடித்தது நடுவில் எல்லாம் ஒத்துப்போய், வரி முடியும்போது மட்டும் தொங்கலாக நின்றால் நீங்கள் பஞ்சமத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஐந்து ஃப்ரெட் மேலே போங்கள், இடமில்லை என்றால் ஏழு கீழே.

தொகையறா பாடும்போது, தாளம் இல்லாமல் இழுத்துப் பாடுகிற அந்த முதல் பகுதியில், ஸ்ட்ரம் பண்ணவே கூடாது. தம்புரா மாதிரி ஒவ்வொரு ஸ்ட்ரிங்காக மெதுவாக மீட்டுங்கள். டோலக் விழுந்த பிறகுதான் உங்கள் வலது கைக்கு வேலை. தாளம் பெரும்பாலும் ஆறு எண்ணிக்கையாக ஓடும். 1-ல் கீழே, 3-ல் மேலே, 4-ல் கீழே, 6-ல் மேலே, இரண்டிலும் ஐந்திலும் கை சும்மா. 4-ல் அடிக்கும்போது உள்ளங்கை ஓரத்தால் ஸ்ட்ரிங்கை அமுக்கி "சக்" என்று முடித்தால் அது கைத்தட்டு மாதிரிக் கேட்கும். சுருதி ஓடுவதைவிட அந்த "சக்"கைத்தான் கூட்டம் முதலில் ஏற்றுக்கொள்ளும். பாட்டு போகப் போக வேகம் ஏறும். பாடுகிறவரைத் துரத்தாமல் டோலக் அடிக்கிறவர் கையைப் பாருங்கள். டோலக்கும் சட்டி மேளமும் சேர்ந்து அடித்தால் நீங்கள் பத்தடிக்கு அப்பால் கேட்கமாட்டீர்கள். அதற்காகப் பலமாக அடித்தால் ஸ்ட்ரிங் சுருதி மேலே போய் வரும், சத்தம் மட்டும் அதிகமாகாது. பாடுகிறவர் பக்கத்திலேயே உட்காருங்கள். அவருக்குக் கேட்டால் போதும்.

கீபோர்டு வாசிக்கிறவர் இருந்தால் ஒரு சின்ன எச்சரிக்கை. லைட் மியூசிக் ஆட்கள் ட்ரான்ஸ்போஸ் பட்டனைப் போட்டுவிட்டு, எந்தச் சுருதியானாலும் பழகிய இடத்திலேயே வாசிப்பார்கள். அவர் "சி மைனர்" என்பார், ஸ்பீக்கரில் வருவது டி மைனராக இருக்கும். அவர் வாயையும் விரலையும் நம்பாதீர்கள், காதை நம்புங்கள். பட்டனை அழுத்தி வாசிக்கிற புல்புல் தாரா வைத்திருக்கிறவர் இருந்தால் வேலை சுலபம். அதில் ஓயாமல் ஒலிக்கிற ஸ்ட்ரிங்கோடு உங்கள் 0-0-3-3 வடிவத்தைச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

பெரம்பூர், ராயபுரம் பக்கம் கிட்டார் ஆட்கள் நிறைய. ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், ரயில்வே குடியிருப்புகள், சர்ச் பாடகர் குழுக்கள் என்று ஒரு பழைய பழக்கம் அது. கிட்டாரின் கீழ் நான்கு ஸ்ட்ரிங்கை ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டால் அதுதான் யுகுலேலே. ஆகவே அவர் கையைப் பார்த்து அதே வடிவத்தை நீங்கள் பிடித்தால் தப்பாகும். அவர் டி வடிவம் பிடிப்பதைப் பார்த்து நீங்களும் பிடித்தால் உங்களிடம் ஜி கேட்கும். உங்கள் டி 2-2-2-0. அவரிடம் கேப்போ இருந்தால் ஐந்தில் போடச் சொல்லுங்கள், அதன்பிறகு இருவரும் ஒரே வடிவம் பிடிக்கலாம்.

திருவொற்றியூரில் கர்நாடக சங்கீதம் கற்றவர்களைச் சந்திக்க வாய்ப்பு உண்டு. தியாகராஜ சுவாமிகள் அங்கே திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடிய ஊர். அவர்களிடம் மோகன ராகத்தில் தொடங்குங்கள். சி-யை ஸட்ஜமாக வைத்தால் யுகுலேலேவின் நான்கு ஓப்பன் ஸ்ட்ரிங்கும் ப, ஸ, க, த. நான்குமே மோகனத்துக்குள் இருக்கின்றன. மிச்சம் ஒரு ரி, அது சி ஸ்ட்ரிங்கில் இரண்டாவது ஃப்ரெட். ஸ்வரத்தை அசைத்து வளைக்கிற கமகம் முழுசாக வராது. ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் இழுத்தால் நைலான் அதிகம் ஏறாது, சறுக்கித்தான் சமாளிக்க வேண்டும்.

பிள்ளைகள் வந்து கையை வைப்பார்கள். ஏ ஸ்ட்ரிங்கை இரண்டு அரைச்சுரம் இறக்கி ஜி ஆக்கிவிடுங்கள். ஓப்பனாகவே சி கார்டு ஒலிக்கும், எந்தக் குழந்தை எப்படித் தடவினாலும் நன்றாக இருக்கும். "குட்டி கிட்டார்" என்பார்கள். அதற்கு வகுப்பெடுக்காதீர்கள். கேட்கிற ஆள் கேட்டால் சொல்லலாம்: 1879-ல் மதீரா தீவிலிருந்து ஹவாய் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சின்ன வாத்தியத்திலிருந்து ஹொனலுலுவில் பிறந்தது. துறைமுகத்துக்காரர்களுக்கு அந்தக் கதை உடனே பிடிபடும்.

எங்கே, எப்போது என்பதில் பொது அறிவு போதும், இரண்டு இடம் தவிர. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் நடக்கிற நேரத்தில் வாத்தியத்தோடு குறுக்கே நிற்காதீர்கள், அது அவர்களின் வேலை நேரம். சாயங்காலம் அங்கேயே என்4 பீச் பக்கம் உட்காரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், பேச நேரம் இருக்கும். ஆனால் கையில் காசு இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, சாவு வீடு. மரண கானா கேட்க வேண்டும் என்று வெளியூர் ஆட்களுக்கு ஒரு ஆசை இருக்கிறது. இறந்தவர் பெயரையும் அவர் பிள்ளைகள் பெயரையும் சொல்லிப் பாடுகிற பாட்டு அது, வேடிக்கைக்கு இல்லை. பாடுகிறவரோ வீட்டாரோ அழைத்தால் ஒழிய பையைத் திறக்காதீர்கள். அழைத்தாலும், பெயர் சொல்கிற வரிகளில் கையை எடுத்துவிடுங்கள். போன் கேமரா சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

பேசும்போது அண்ணா, அக்கா, அம்மா போதும். சினிமா பார்த்துப் பழகிய "இன்னா நைனா" பாஷையை நீங்கள் எடுத்துவிட்டால் கேலி பண்ணுகிற மாதிரிதான் விழும். "ஒரு கானா பாடுங்கண்ணா" என்று நேராக ஆரம்பிப்பதும் சரிப்படாது. நீங்கள் எந்த ஏரியா, எங்கே வேலை என்று அவர்கள் கேட்பார்கள், பதில் சொல்லுங்கள். வாத்தியத்தைக் கையில் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அவர்கள் மீட்டிப் பார்த்துத் திருப்பித் தரும்போது பாட்டு தானாக வரும்.

கடைசியாகப் பதிவும் பணமும். கானா பாட்டு பெரும்பாலும் பாடுகிறவரே கட்டியது. பலருக்கு சொந்த யூட்யூப் சானல் இருக்கிறது, அதில்தான் வருமானம். ரெக்கார்ட் பண்ணுவதற்கு முன் கேளுங்கள், போடுவதற்கு முன் மறுபடி கேளுங்கள், பெயரை அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். யாராவது உட்கார்ந்து நாலு பாட்டும் தாளமும் சொல்லிக்கொடுத்தால் அது வகுப்பு. கிட்டார் மாஸ்டருக்கு மணிக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கையில் கொடுங்கள், மது பாட்டில் வாங்கிக் கொடுத்துக் கணக்கு முடிக்காதீர்கள்.